பன்னிரண்டு இருபத்திநாலுக்கு வெடி

என் மகன் சத்தத்துக்குப் பயந்தவன் அல்ல. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சொந்தக்காரர் எல்லாரும் அப்படித்தான் சொல்லித் திரிந்தார்கள். காலி வீதியில் பஸ்காரன் காது கிழிய ஹோர்ன் அடித்தாலும் அவன் திரும்பிப் பார்க்கமாட்டான். வெள்ளவத்தைக் கடற்கரையோடு போகிற ரயில் எங்கள் ஜன்னல் கண்ணாடியை ஆட்டிக்கொண்டு போகும்; அதற்குக் கை தட்டுவான். அது எத்தனை மணிக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். பிந்தி வந்தால்தான் அழுவான், அதாவது கிழமையில் ஐந்து நாள் அழுவான். அவனுக்குப் பயம் சொல்லாமல் வருகிற சத்தத்துக்கு.

அப்போது அவனுக்கு ஏழு வயது. ஓட்டிசம் என்று டொக்டர் சொன்ன சொல்லை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பேச்சு வரவில்லை, ஆனால் எழுத்தும் இலக்கமும் எங்களைக் கேட்காமலே வந்துவிட்டன. மகளுக்கு ஐந்து. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்பது குறைவு. இரண்டு காதிலும் மெஷின். ஒருத்தனுக்கு உலகம் அளவுக்கு மிஞ்சிக் கேட்டது, மற்றவளுக்குப் போதாமல் கேட்டது. நடுவில் நான் ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளமானவள், பொறுமை கொஞ்சம் கட்டையானவள். கடவுள் ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கிறார் என்று கோயிலில் ஒரு அம்மா சொன்னார். பார்த்த கண்ணை ஒருக்கா டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் வீடு பேப்பரால் ஓடியது. பேப்பர் என்றால் பத்திரிகை அல்ல. காலையில் நான் ஒரு மட்டையில் அன்றைய நாளை வரிசையாக எழுதுவேன். பல் விளக்குதல், பால், வான் வண்டி, பள்ளிக்கூடம், குளிப்பு. பக்கத்தில் நேரம், அதற்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த அழகில் ஒரு படம். ஒவ்வொன்றும் முடிய அவன் நீலப் பென்சிலால் அதற்குச் சரி போடுவான். பேப்பரில் இருந்தால் செய்வான். இல்லாவிட்டால் நான் தலைகீழாக நின்றாலும் செய்யமாட்டான். இந்த மட்டையைக் கண்டுபிடித்த பிறகுதான் அவன் வானில் ஏறினான், சோறு சாப்பிட்டான், இரவில் நித்திரை கொண்டான். அதற்கு முன் நாங்கள் எப்படி இருந்தோம் என்று நான் எழுதப்போவதில்லை.

முந்தின வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு நாங்கள் கொட்டாஞ்சேனையில், என் அம்மா வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தோம். அன்றைக்கு நான் மட்டையில் குளிப்பு எழுதினேன், புது உடுப்பு எழுதினேன், பொங்கல் எழுதினேன். வெடி எழுதவில்லை. ஜன்னலுக்குக் கீழே ஆயிரம் வெடிச் சரம் ஒன்றைக் கொளுத்தினார்கள். அவன் தன் மணிக்கட்டைக் கடித்த தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. அது ஆறிவிட்டது. ஆறாதது மற்றது: அடுத்த இரண்டு மாதம் அவன் மட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. வானுக்கு வரவில்லை. பிஸ்கட்டைத் தவிர ஒன்றும் உண்ணவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நான் வீட்டில் நின்றேன்.

பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் படிப்பித்த மிஸ் சின்னப் பிள்ளை, இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவள்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள்.

"அவருக்கு வெடி இல்ல பிரச்சினை, அம்மா. நீங்க சொல்லாததுதான் பிரச்சினை. பேப்பர் பொய் சொல்லிட்டுது எண்டு நினைச்சிட்டார். இன்னொருக்கா அப்பிடி நடந்தா, பிறகு நீங்க எழுதுற ஒண்டையும் நம்பமாட்டார்."

ஆனாலும் அவள் சொன்னதிலேயே ஒரு வழியும் இருந்தது. தீபாவளிக்கு வெடி எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் அப்படித்தான். ஆனால் சித்திரைப் புத்தாண்டு அப்படியா? நாள் நட்சத்திரம் பார்த்து, வருடம் பிறக்கிற நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்லி, நாடே அந்த நிமிடத்துக்குக் காத்திருந்து வெடி கொளுத்துகிறது. என் மகனுக்கென்றே செய்து வைத்த கொண்டாட்டம். இது ஏன் ஒரு வருடத்துக்கு முன் என் மண்டையில் ஏறவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்த ஆவணியில் நாங்கள் மகளின் பேச்சுப் பயிற்சிக்காக வெள்ளவத்தைக்கு வீடு மாறியிருந்தோம். கடலுக்கு இறங்குகிற குறுக்கு வீதி ஒன்றில் நாலு வீடு கொண்ட பழைய மாடிக் கட்டடம். நாங்கள் மேல்மாடி. கீழே ஒரு சிங்கள ஆன்ட்டி, தபால் கந்தோரில் வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். பங்குனி பிறந்ததுமே அவரிடம் போய் என் கதையைச் சொன்னேன். அவர் உள்ளே போய், புத்தாண்டின் சுபநேரங்கள், அவர்கள் சொல்கிற நெக்கத் நேரங்கள், அச்சடித்த கடதாசியைக் கொண்டுவந்து, கண்ணாடியைப் போட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். வருடம் பிறப்பது பகல் பன்னிரண்டு இருபத்திநாலுக்கு. அதற்கு முன்னுக்கு ஒரு வெடியும் தன் கையால் கொளுத்தமாட்டேன் என்று சத்தியம் செய்தார். தெருமுனையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் போனேன். அவர் தன் கடையில் வெடி வாங்குகிற பெடியள் எல்லாருக்கும் நேரத்தைச் சொல்லித்தான் விற்பேன் என்றார். கீழே பின்பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகிறார்கள், பிரச்சினை இல்லை.

மேல்மாடியில் எங்களுக்கு எதிர்வீட்டில் ஒரு மாஸ்டர், யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு இருந்தார். அவரிடம் நான் போகவில்லை. நம்மட ஆக்கள்தானே, நம்மட நேரம்தானே என்று விட்டுவிட்டேன். கொட்டாஞ்சேனையில் என் அம்மா வீட்டில் எப்போதும் திருக்கணித பஞ்சாங்கம். அதிலும் அந்த வருடம் பன்னிரண்டு இருபத்திநாலு என்றுதான் போட்டிருந்தது. சிங்கள நேரமும் எங்கள் நேரமும் ஒன்றாக வந்துவிட்டதே என்று எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். வாக்கிய பஞ்சாங்கம் என்று ஒன்று இருப்பது தெரியாதவளா நான்? தெரியும். கோயில் கலண்டரில் இரண்டு நேரமும் பக்கத்தில் பக்கத்தில்தான் போட்டிருக்கும். எங்கள் வீட்டில் ஒன்றைத்தான் வாசிப்போம். மற்றதைக் கண் தாண்டிப் போய்விடும், அவ்வளவுதான்.

மூன்று கிழமை பயிற்சி நடந்தது. பள்ளிக்கூட விடுமுறை, பிள்ளைகள் இரண்டும் வீட்டில். ஒவ்வொரு நாளும் மட்டையில் "12.24 வெடி" என்று எழுதி, எங்கள் வாசல் கேட்டின் படம் கீறி, அதன் பக்கத்தில் ஒரு வெடிச் சரமும் கீறினேன். முதல் நாள் கைத்தொலைபேசியில் பதிந்த வெடிச் சத்தத்தை எறும்பு நடக்கிற அளவில் போட்டேன். அடுத்த நாள் கொஞ்சம் கூட்டினேன். புறக்கோட்டையில் ஆணி, பெயின்ட் விற்கிற கடையில் என் மனிசன், பிள்ளைகளின் அப்பா, மஞ்சள் நிறக் காதுமூடி ஒன்று வாங்கிவந்தார், றோட்டு உடைக்கிறவர்கள் போடுவது. இரண்டாவது கிழமையில் மகன் தானாகவே பன்னிரண்டு இருபத்திமூன்றுக்கு அதை எடுத்து மாட்டிக்கொண்டு, கடிகாரத்துக்குக் கீழே கதிரை போட்டு உட்கார ஆரம்பித்தான். மூன்றாவது கிழமையில் சத்தம் முடிந்த உடனே சரி போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். அவன் கண்ணைப் பார்க்கிறவன் அல்ல. அந்தப் பார்வை ஒரு செக்கன்தான். நான் குசினிக்குள் போய் வெங்காயம் உரிப்பது போல நின்று அழுதேன்.

புத்தாண்டு அன்று விடிந்ததிலிருந்து கை ஓயவில்லை. மகனின் புதுச் சேர்ட்டை நாலு தரம் தோய்த்து, கழுத்தில் இருந்த லேபலை நூல் நூலாகப் பிரித்து வைத்திருந்தேன். இல்லாவிட்டால் உடம்பில் படவிடமாட்டான். மகளுக்கு மினுக்கம் வைத்த சட்டை. அதைப் போட்டால் கழற்றமாட்டாள், ஆகவே குளித்த பிறகுதான் என்று ஒளித்து வைத்திருந்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். மனிசன் கோயிலுக்குப் போய் வரிசையில் நின்று, சோடாப் போத்தலில் மூலிகை காய்ச்சிய மருத்துநீர் வாங்கிக்கொண்டு பத்து மணிக்கு வந்தார். துறைமுகத்தில் கிளார்க், வரிசையில் நிற்பதும் நிற்க வைப்பதும் அவருக்குப் பழக்கம்.

தலையில் இலை வைத்து, மருத்துநீரைத் தேய்த்துக் குளிக்கவேண்டும். மகள் காது மெஷின்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தலையில் இலையை வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். மகனுக்குத் தலையில் தேய்க்க முடியாது. அப்பா பெருவிரலால் தொட்டு நெற்றியில் ஒரு பொட்டு மட்டும் வைத்தார். "இவ்வளவும் சாமிக்குப் போதும், கூடக் கேட்டா நான் கதைக்கிறன்" என்றார். குளிப்புக்குச் சரி. புது உடுப்புக்குச் சரி. மகன் கதிரையை இழுத்துக் கடிகாரத்துக்குக் கீழே வைத்தான். அந்தக் கடிகாரத்தை நான் காலையில் ரேடியோ நேரத்துக்குச் சரியாக வைத்திருந்தேன். நான் சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு, அதன் பக்கத்தில் பொங்கலுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு எங்கள் கேட்டில் வெடித்தது.

என் வயதுக் கொழும்புத் தமிழருக்கு வெடிச் சத்தம் கேட்டால் முதலில் நிலத்தில் குந்திவிட்டுப் பிறகுதான் யோசிக்க வரும். நான் அகப்பையோடு குசினி நிலத்தில் இருந்தேன். யோசனை வந்ததும் எழுந்து, அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

அவன் கத்தவில்லை. கதிரையில் நின்றபடி கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு மட்டையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சில நாளுக்கு முன்னால் எதற்காக அழுதேனோ அதே பார்வை, நேராகக் கண்ணுக்குள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அதற்குப் பிறகுதான் கத்தினான். கடிகாரத்தை ஆணியோடு பிடுங்கி நெஞ்சோடு கட்டிக்கொண்டு, அறைக்குள் ஓடிக் கட்டிலுக்குக் கீழே போய்விட்டான். மெஷின் போடாத மகளுக்கு வெடி கேட்கவில்லை. அண்ணன் ஓடுவதைத்தான் கண்டாள். விளையாட்டென்று சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினாள். கட்டிலுக்குக் கீழே எட்டிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. மாஸ்டர், புது வேட்டி, கையில் பலகாரத் தட்டு, முகம் நிறையச் சிரிப்பு.

"வருசம் பிறந்திட்டுது பிள்ளை."

"இப்பவா?" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. "பன்னெண்டு இருபத்திநாலுக்கெல்லோ பிறக்குது?"

"அது திருக்கணிதம். நாங்கள் எப்பவும் வாக்கியம்தானே. பதினொண்டு முப்பத்தொண்டு."

வாயில் வந்ததை எல்லாம் சொல்லியிருப்பேன். அதற்குள் அறையிலிருந்து மகனின் குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது பிடிவாதக் குரல் அல்ல. மாஸ்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கியது. நான் விஷயத்தைச் சொன்னேன். மட்டை, நேரம், மூன்று கிழமை, கீழ் ஆன்ட்டி, நானா. அவர் தட்டைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றார்.

"எனக்கும் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"ஓம் மாஸ்டர். உங்களட்டத்தான் முதல் கேட்டிருக்கவேணும். கேக்கேல்ல. பிழை என்னில."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பலகாரத் தட்டை வாங்கினேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை.

கட்டிலுக்குக் கீழே அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு மணிக்கட்டைப் பல்லில் வைத்திருந்தான். கடிக்கவில்லை, வைத்திருந்தான். மனிசன் மற்றப் பக்கம் தரையில் படுத்து, கையை நீட்டி, தொடாமல் வைத்திருந்தார். நானும் படுத்தேன். என்ன சொல்வது? வெடி முடிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். இன்னும் ஐம்பது நிமிடத்தில் ஆன்ட்டியின் வெடி இருக்கிறது, தெரு முழுக்க இருக்கிறது. இன்னும் வெடி வரும் என்று சொன்னால், என் சொல்லை அவன் ஏன் நம்பவேண்டும்? அன்றைக்கு எனக்கு வெடியைப் பற்றிய பயம் போய்விட்டது. பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்க நான் மட்டையில் வான் என்று எழுதுவேன், அவன் பார்க்காமல் போவான். சோறு என்று எழுதுவேன், பார்க்கமாட்டான். இன்னும் இரண்டு மாதமா, இந்த முறை இரண்டு வருடமா என்ற பயம்தான் வந்தது.

எழுந்து போய்ப் புது மட்டை ஒன்றை எடுத்தேன். முதல் வரியில் "11.31 வெடி" என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில், படம் கீறுகிற இடத்தில், "அம்மா பிழை" என்று எழுதினேன். இரண்டு சொல்லும் அவனுக்கு வாசிக்கத் தெரியும். பிழை என்ற சொல்லைக் கணக்குக் கொப்பியில் கண்டிருக்கிறான். இரண்டாவது வரியில் "12.24 வெடி" என்று எழுதி எங்கள் கேட்டைக் கீறினேன். அதற்குக் கீழே ஒன்றும் எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. நீலப் பென்சிலையும் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

அவன் வெளியே தள்ளினான். திரும்பவும் தள்ளினேன். திரும்பவும் வந்தது.

மகள் மினுக்கச் சட்டையோடு என் பக்கத்தில் வந்து குப்புறப் படுத்தாள். மெஷின் இல்லாவிட்டால் அவள் ஊருக்கே கேட்கிற குரலில் கதைப்பாள். அன்று ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மட்டையை எடுத்து, அதற்கு மேலே அவன் காதுமூடியை வைத்து, இரண்டையும் சேர்த்து மெல்ல உள்ளே தள்ளினாள். காதுமூடிக்கு ஒரு கை நீண்டது. மட்டையும் அதோடு போனது. திரும்பி வரவில்லை.

அப்படியே கிடந்தோம். அவன் காதுமூடியை மாட்டிக்கொண்டான். கடிகாரத்தை நெஞ்சில் நிமிர்த்தி வைத்தான். மட்டையை வாசிக்கிறானா, சும்மா பிடித்திருக்கிறானா என்று கட்டில் இருட்டில் தெரியவில்லை.

மனிசன் எப்போது எழுந்து வெளியே போனார் என்று தெரியாது. திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. வாசலில் நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மாஸ்டர் வீடு வீடாப் போய்ச் சொல்லிப்போட்டாரப்பா. இனி இந்தத் தெருவில ஒருத்தரும் கொளுத்தமாட்டினமாம். கீழ ஆன்ட்டி தன்ர வெடியைத் திருப்பி அலுமாரிக்குள்ள வச்சிட்டா. நானா கேட்டடியில நிண்டு பெடியளைத் துரத்துறார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நெக்கத் நேரத்துக்கு வெடி போடாமல் விடுவது என்றால் அந்த ஆன்ட்டிக்குச் சின்ன விஷயம் அல்ல. யார் பெற்ற பிள்ளையோ, அவனுக்காக ஒரு தெரு முழுக்கத் தன் புத்தாண்டை வாயைப் பொத்தி வைத்துக்கொண்டிருந்தது. இந்தக் கொழும்பிலா என்று இருந்தது. கடவுளுக்குக் கண் டெஸ்ட் பண்ணச் சொன்னதை வாபஸ் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன்.

பிறகு கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். கடிகாரத்தில் பன்னிரண்டு பதினெட்டு. அவனுடைய சுட்டுவிரல் மட்டையின் இரண்டாவது வரியில் இருந்தது.

துள்ளி எழுந்தேன்.

"ஐயோ அப்பா, கொளுத்தச் சொல்லுங்கோ."

"உமக்கென்ன விசரா? அந்தச் சனம் பாவம், எவ்வளவு..."

"பேப்பரில இருக்கு. பன்னெண்டு இருபத்திநாலு எண்டு எழுதிக் குடுத்திட்டன். கேட்டையும் கீறிப்போட்டன். வெடிக்காட்டி அதுவும் பொய்."

அவர் என்னையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் இவனோட நிக்கிறன். நீர் ஓடும்" என்றார்.

படி இறங்கியது ஞாபகம் இல்லை. மகள் என் பின்னால் வெறுங்காலோடு ஓடிவந்தது மட்டும் ஞாபகம். கீழே ஆன்ட்டியின் வீட்டில் ரேடியோ போய்க்கொண்டிருந்தது, மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெள்ளைச் சேலையோடு வாசலில் நின்று என் கையைப் பிடித்தார்.

"அனே துவ, பயப்படாதே," என்று என்னை மகளாக்கிச் சிங்களத்தில் தொடங்கினார். "ஒரு வருடம் வெடி இல்லாவிட்டால் என்ன? உன் மகனுக்குச் சுகமாக இருக்கட்டும்."

"ஆன்ட்டி, வெடி வேணும். இப்ப வேணும். சரியா இருபத்திநாலுக்கு வேணும்."

நான் தமிழில் சொன்னேனா சிங்களத்தில் சொன்னேனா தெரியாது, இரண்டும் கலந்துதான் வந்திருக்கும். அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், உள்ளே போனார், அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. கேட்டடியில் நின்ற நானாதான் குழம்பிப்போனார். பத்து நிமிடமாகப் பெடியளைத் துரத்திக் களைத்திருந்த மனிதர். "நீங்க எல்லாரும் ஒரு முடிவுக்கு வாங்க தங்கச்சி" என்றார். சொல்லிக்கொண்டே தன் சட்டைப் பையில் நெருப்புப் பெட்டியைத் தேடினார்.

மாஸ்டரும் இறங்கி வந்துவிட்டார். நான் சொல்லி முடிக்க முன்னமே அவருக்கு விளங்கிவிட்டது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு விளங்கப்படுத்தினவர். வெடிச் சரத்தை வாங்கிக் கேட்டில் தானே தொங்கவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார், சோதனை மண்டபத்தில் நிற்பது போல.

"ரெண்டு நிமிசம் இருக்கு. ஒருத்தரும் அவசரப்படக்கூடாது. இந்த முறை என்ர கையால பிழை நடக்கவிடமாட்டன்."

ரேடியோவில் நேரம் சொன்னார்கள். ஆன்ட்டி கை கூப்பினார். மாஸ்டர் தலையை அசைத்தார். நானா நெருப்பு வைத்தார்.

அந்த வெடியை நான் குந்தாமல் கேட்டேன். என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். மகள் இரண்டு கையையும் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் வெடியைக் கேட்பது நெஞ்சால்தான். பிறகு என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள், எனக்கும் கேட்கிறதா என்று. கேட்கிறது என்று தலையாட்டினேன். தெரு முனையிலிருந்து கடல் பக்கம் வரை ஒவ்வொரு வீட்டிலும் ஒளித்து வைத்திருந்ததை எல்லாம் கொளுத்தத் தொடங்கினார்கள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

அறை வாசலில் நின்று மனிசனைப் பார்த்தேன். அவர் தரையில் படுத்தபடியே இருந்தார்.

"கையக் கடிச்சவனா?"

"இல்ல."

"கத்தினவனா?"

"இல்ல. முள்ளையே பார்த்துக்கொண்டு கிடந்தவன். வெடிக்கத் தொடங்க ஒருக்கா உடம்பு துள்ளிச்சுது. பிறகு திரும்பவும் மணிக்கூட்டைப் பார்த்தவன். அவ்வளவுதான்."

வெளியே சத்தம் குறைய நேரம் எடுத்தது. முழுக்க நின்ற பிறகும் அவன் வரவில்லை. நான் கட்டிலோடு சாய்ந்து தரையில் இருந்தேன். மகள் என் மடியில். கொஞ்ச நேரத்தில் கட்டிலுக்குக் கீழே பென்சில் உரசுகிற சத்தம் கேட்டது, ஒரு தரம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம்.

முதலில் கடிகாரம் வந்தது. பிறகு மஞ்சள் காதுமூடியோடு அவன் தலை. புதுச் சேர்ட்டில் கட்டிலுக்குக் கீழிருந்த தூசி முழுக்க இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. மட்டையை என் மடியில், தங்கச்சியின் காலுக்கு மேலே வைத்தான். இரண்டு வரிக்கும் சரி போட்டிருந்தான்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவனுக்குப் பொறுமை போய்விட்டது. என் வலது கையைப் பிடித்து விரல்களைப் பிரித்து, நீலப் பென்சிலை வைத்து மூடினான். பிறகு என் கையை இழுத்துக்கொண்டுபோய், இரண்டாவது வரிக்குக் கீழே நான் ஒன்றும் எழுதாமல் விட்ட இடத்தில் வைத்தான்.

மனிசன் மற்றப் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"1.00 சோறு" என்று எழுத வேண்டும். பென்சிலை வைத்துவிட்டு எழுந்து குசினிக்குப் போனேன். மூடியைத் திறந்து, ஒரு சோற்றை எடுத்து விரலால் நசித்துப் பார்த்தேன். இன்னொன்றையும் நசித்துப் பார்த்தேன். வெந்திருந்தது. அதற்குப் பிறகுதான் வந்து எழுதினேன்.